வில்லங்கத்தில் கோர்ட் ஜப்தி நிற்கிறதா? வீட்டை விற்பதற்கு முன்னால் அதை எடுப்பது இப்படி

விலை பேசி முடித்தாச்சு, வாங்குகிறவர் வங்கியில் லோனுக்குப் போட்டார், வங்கி வக்கீல் முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரே ஒரு பதிவு, தன்மை என்ற இடத்தில் பற்றுகை. பற்றுகை என்றால் ஜப்தி, கடனுக்காகச் சொத்தை விற்க முடியாதபடி கோர்ட் பிடித்து வைப்பது. அதோடு வியாபாரம் நின்றது. எங்கள் வீட்டில் 2019-ல் நடந்தது இது. அப்பா ஒரு புரோநோட்டுக் கடனுக்காக 2001-ல் வழக்கை வாங்கி, 2002-ல் டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆகி, அடுத்த வருடமே வட்டியோடு முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். கடன் கொடுத்தவரும் நல்ல மனுஷர்தான், ஒரு வெள்ளைத் தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி "பாக்கி எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடன் தீர்ந்துடுச்சு சார், கட்டு தீரலையே."

கட்டு என்றால் கோர்ட் கட்டு. நீங்கள் பணம் கொடுத்தது கோர்ட்டுக்குத் தெரியாது, கோர்ட்டுக்குத் தெரிந்தாலும் சார்பதிவாளருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவர், கோர்ட், சார்பதிவாளர் என்று மூன்று இடத்திலும் கணக்கு முடிய வேண்டும். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. வக்கீல் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை, ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து வக்கீலிடம் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். உங்கள் மேல் பணத்துக்கு டிக்ரி வந்துவிட்டது என்பதாலேயே வீடு மாட்டிக்கொள்வதில்லை. கோர்ட் அந்த வீட்டைக் குறிப்பிட்டு ஜப்தி செய்தால்தான் மாட்டும். அது இரண்டு கட்டத்தில் நடக்கும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, "இவர் சொத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார்" என்று வாதி மனுப் போட்டு வாங்குவது தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 38 விதி 5. டிக்ரி ஆன பிறகு இ.பி. போட்டு, அதாவது நிறைவேற்று மனுவில், வாங்குவது ஆணை 21 விதி 54-ன் கீழ் வருகிற ஜப்தி. அமீனா (கோர்ட் ஊழியர்) வந்து தமுக்கு அடித்து வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது இதற்காகத்தான். ஜப்திக்குப் பிறகு வீட்டை விற்றால், அதே சட்டத்தின் 64-ம் பிரிவுப்படி ஜப்தி வாங்கியவரின் கோரிக்கைக்கு எதிராக அந்த விற்பனை செல்லாது. அதனால்தான் வாங்குகிறவர் ஓடுகிறார். தமிழ்நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 2022-ல் பதிவுச் சட்டத்தில் சேர்த்த 22-பி பிரிவு, கோர்ட் ஜப்தி உள்ள சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது. ஆகவே "வாங்குகிறவர் ஒத்துக்கொண்டார், பதிவு பண்ணிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

(இன்னும் ஜப்தி ஆகவில்லை, டிக்ரி மட்டும்தான் இருக்கிறது, அதற்குள் விற்றுவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதற்காக நடந்த கைமாற்றம் என்று காட்டி அதை ரத்து செய்யச் சொத்து மாற்றுச் சட்டம் 53-ம் பிரிவில் வழி இருக்கிறது. வம்பு வேண்டாம்.)

சரி, வேலைக்கு வருவோம். பதிவுத் துறையின் டி.என்.ரெஜினெட் தளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்க்கலாம், கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடிய சான்றாக வாங்க வேண்டும். பட்டாவைப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று நம்பிவிடாதீர்கள், ஜப்தியை அதில் தேடிப் பிரயோஜனமில்லை. வில்லங்கத்தில் ஜப்திப் பதிவு இருந்தால் முதல் வேலை, ஆவணக் குறிப்புகள் என்ற பகுதியைப் படிப்பது. எந்தக் கோர்ட், ஓ.எஸ். எண் (மூல வழக்கின் எண்) என்ன, ஐ.ஏ. எண்ணா (வழக்கு நடக்கும்போது போடுகிற இடைக்கால மனு) இ.பி. எண்ணா, எந்த வருடம் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஒரே வரியில் நெருக்கியடித்து இருக்கும். ஐ.ஏ. என்றால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி, இ.பி. என்றால் டிக்ரிக்குப் பிந்தையது. இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில்தான் நீங்கள் போட வேண்டிய மனுவே மாறுகிறது. அப்புறம் அட்டவணை விவரத்தையும் எல்லை விவரத்தையும் படியுங்கள், அது உங்கள் வீடுதானா என்று.

சிரிக்க வேண்டாம், இது நிறைய நடக்கிறது. ஒரு பெரிய சர்வே எண்ணை லேஅவுட் போட்டு இருபது மனையாகப் பிரித்திருப்பார்கள். பழைய உரிமையாளர் மேல் வந்த ஜப்தியில் தாய் சர்வே எண் மட்டும் இருக்கும், எண்ணைப் போட்டுத் தேடுகிற இருபது பேருக்கும் அது வில்லங்கமாக வந்து நிற்கும். நான்கெல்லையும் பரப்பளவும் உங்கள் பத்திரத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால், கோர்ட்டிலிருந்து ஜப்தி மனுவின் சொத்து விவரத்தை நகல் எடுத்து, வாங்குகிறவரின் வக்கீலிடம் காட்டினால் சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் ஆணை 21 விதி 58-ல் மூன்றாம் நபராக நீங்களே ஆட்சேபணை மனுப் போடலாம். அதே ஊரில் அதே பெயர் உள்ள வேறு ஆளின் கடனுக்கு உங்கள் வீடு ஜப்தியாகியிருந்தாலும் இதே வழிதான். ஆனால் தள்ளிப் போடக் கூடாது. சொத்து ஏலம் போன பிறகு இந்த மனுவை எடுக்கமாட்டார்கள், வேண்டுமென்றே தாமதம் செய்ததாகக் கோர்ட் நினைத்தாலும் எடுக்கமாட்டார்கள்.

தேதியையும் பாருங்கள். உங்கள் கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாள் ஜப்திக்கு முந்தியது, பதிவு மட்டும் ஜப்திக்குப் பிறகு நடந்தது என்றால் பயப்பட வேண்டியதில்லை. பதிவுச் சட்டம் 47-ம் பிரிவுப்படி பத்திரம் எழுதிய நாளிலிருந்தே அது செல்லும், உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றிருக்கிறது.

அடுத்தது கோர்ட் காகிதம். வழக்கு நிலவரத்தை இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கலாம், வழக்குக்கென்று கொடுக்கப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் சுலபம். பழைய வழக்குகள் அதில் ஏறாமல் இருக்கும், அப்போது நேரில்தான். நகல் மனுப் போட்டு நான்கு காகிதம் எடுங்கள்: பிராது (வாதி வழக்குப் போட்ட மனு), டிக்ரி, ஜப்தி உத்தரவு, இ.பி. இருந்தால் அதில் கடைசியாக என்ன உத்தரவு என்பது. இந்தக் கடைசிக் காகிதத்தை யாரும் தேடுவதில்லை. நான் சொல்வேன், அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஏனென்றால் பல வீடுகளில் ஜப்தி சட்டப்படி எப்போதோ செத்திருக்கும், சார்பதிவாளர் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கும்.

எப்படி என்றால், வாதி இ.பி. போட்டு ஜப்தி வாங்கிவிட்டு அப்புறம் அதைக் கவனிக்காமல் விட்டு, அந்த இ.பி. தள்ளுபடி ஆகியிருக்கலாம். தள்ளுபடி செய்யும்போது ஜப்தி தொடருமா முடியுமா என்று கோர்ட் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் ஜப்தி முடிந்ததாகவே அர்த்தம், ஆணை 21 விதி 57. அதே மாதிரி தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியில், வழக்கே தள்ளுபடி ஆகியிருந்தால் ஜப்தியை எடுத்துவிட வேண்டும் என்று ஆணை 38 விதி 9 சொல்கிறது. வாதி வராமல் தள்ளுபடியாகி, பிறகு வழக்கு மறுபடி கோப்புக்கு எடுக்கப்பட்டாலும் பழைய ஜப்தி தானாக உயிர் பெறாது. இன்னொன்று காலக்கெடு. பண டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம், காலவரையறைச் சட்டம் சரத்து 136. அதற்குள் இ.பி. போடவே இல்லை என்றால் அந்த டிக்ரியை வைத்து உங்கள் வீட்டை ஏலம் விட முடியாது. ஆனால் இதிலெல்லாம் ஒரே சிக்கல், சட்டப்படி முடிந்துவிட்டது என்று நீங்கள் வாயால் சொன்னால் சார்பதிவாளர் கேட்கமாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. அதே கோர்ட்டில் ஒரு மனுப் போட்டு "ஜப்தி நீக்கப்படுகிறது" என்று உத்தரவாக வாங்க வேண்டும். வக்கீல்கள் பேச்சில் இதை ரெய்ஸ் ஆர்டர் என்பார்கள், அட்டாச்மென்ட்டை ரெய்ஸ் பண்ணணும் என்று சொன்னால் எந்தக் கோர்ட் வளாகத்திலும் புரியும்.

எங்களுக்கு நடந்தது இந்த வகைதான். அப்பாவும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. அப்பாவுடைய ரசீது ஏன் செல்லவில்லை என்றால், கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யவில்லை என்றால் டிக்ரியை நிறைவேற்றுகிற கோர்ட் அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது, ஆணை 21 விதி 2. பணம் கொடுத்த கடனாளி தானே மனுப் போட்டுப் பதிவு செய்யக் கெடு 30 நாள்தான். அப்பாவுக்கு அது தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கடைசியில் 12 வருடம் தாண்டியது, இ.பி. எதுவும் இல்லை என்ற காரணத்தை முன்வைத்து, கடன் கொடுத்தவரின் வாரிசுகளை எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மனுப் போட்டோம். அவர் மகனுக்கு இப்படி ஒரு வழக்கு இருந்ததே தெரியாது, நோட்டீஸ் போனதும் பதறிப் போய் போன் செய்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்படியும் ஏழு மாதம். அதற்குள் முதலில் வந்த ஆள் வேறு வீடு வாங்கிவிட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், வீட்டை விற்கிற யோசனை வந்த அன்றைக்கே வில்லங்கம் எடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு எடுத்தால் கெடு ஓட ஆரம்பித்துவிடும், இந்தக் கோர்ட் வேலைக்கு நீங்கள் கெடு வைக்க முடியாது.

கடன் நிஜமாகவே பாக்கி இருக்கிறது என்றால் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். டிக்ரியில் அசல் எவ்வளவு, வழக்குப் போட்ட நாளிலிருந்து தீர்ப்பு வரை என்ன வட்டி, தீர்ப்புக்குப் பிறகு என்ன வட்டி, செலவுத் தொகை எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி, வியாபாரக் கடன் இல்லை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 34-ம் பிரிவுப்படி வருடத்துக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. உதாரணமாக 3 லட்சம் அசலுக்கு 6 சதவீதம், எட்டு வருடம் என்றால் வட்டி 1,44,000 ரூபாய். தீர்ப்பு வரைக்குமான வட்டியும் செலவுத் தொகையும் இதற்கு மேல். எதிர்த்தரப்பு வட்டிக்கு வட்டி போட்டு ஒரு தொகை சொன்னால் டிக்ரி நகலை நடுவில் வைத்துப் பேசுங்கள், அதில் இல்லாததைக் கொடுக்க வேண்டியதில்லை. மொத்தமாகத் தருகிறேன் என்றால் பலர் வட்டியில் குறைத்துக்கொள்வார்கள். பேச்சு படிந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) வைத்து முடிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், அங்கே வருகிற தீர்வு டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, ஜப்தி நீக்கத்தையும் அதே தீர்வில் ஒரு வாசகமாக எழுதச் சொல்லலாம். அந்த வாசகம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்களே படித்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கிற விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். மிகப் பத்திரமானது கோர்ட்டில் கட்டுவது. செலான் வாங்கிக் கட்டிவிட்டு, கட்டியதை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸாகவும் தெரியப்படுத்த வேண்டும், நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. டிக்ரிதாரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, அல்லது முறுக்கிக்கொண்டு வாங்க மறுக்கிறார் என்றாலும் இது ஒன்றுதான் வழி. நேரடியாக அவரிடமே கொடுப்பதாக இருந்தால் டி.டி. அல்லது வங்கி மாற்றம் மட்டும். கடனைத் திருப்பும்போது 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரொக்கம் கொடுத்தால் எங்கள் அப்பா கதைதான். டி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு, டிக்ரிதாரரும் அவர் வக்கீலும் முழுத் தொகையும் வந்துவிட்டது என்று மெமோவில் கையெழுத்துப் போட்டு அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்கிற அன்றைக்கு, அங்கேயே கொடுங்கள். "பணத்தைக் கொடுங்க, மெமோ அடுத்த வாய்தாவுல போட்டுடலாம்" என்பார்கள். நல்லவராகவே இருந்தாலும் அடுத்த வாய்தாவுக்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அந்த மெமோவில் "ஜப்தியை நீக்க ஆட்சேபணை இல்லை" என்ற வரியும் சேர்ந்தே இருக்கட்டும்.

முழுத் தீர்வு பதிவானால் ஜப்தி விலகியதாகவே கருதப்படும் என்று ஆணை 21 விதி 55 சொல்கிறது. நீங்கள் விரும்பினால் உங்கள் செலவில் அதைப் பறைசாற்றவும் செய்யலாம், ஜப்தி வந்தபோது தமுக்கு அடித்த மாதிரியே. தெருவே பார்த்த அவமானத்துக்கு அது ஒரு ஆறுதல் என்று நினைப்பவர்கள் செய்துகொள்ளட்டும். பதிவு அலுவலகத்துக்கு வேண்டியது உத்தரவு, அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கடன் அடைக்கக் கையில் காசே இல்லை, வீட்டை விற்றால்தான் அடைக்க முடியும் என்பவர்களுக்கும் சட்டத்தில் கதவு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஏல உத்தரவு ஆன நிலையில்கூட, நானே வெளியில் விற்று டிக்ரித் தொகையைக் கட்டுகிறேன், அதற்கு ஆள் இருக்கிறது என்று கோர்ட்டுக்குத் திருப்தியாகக் காட்டினால், ஆணை 21 விதி 83-ன் கீழ் ஏலத்தைத் தள்ளி வைத்து, இன்ன காலத்துக்குள் தனியாக விற்கலாம் என்று கோர்ட் சான்று கொடுக்கலாம். ஜப்தி இருந்தாலும் அந்த விற்பனைக்குத் தடை இல்லை. நிபந்தனை இரண்டு. பணம் உங்கள் கைக்கு வராது, கோர்ட்டுக்குத்தான் போகும், அதோடு கோர்ட் உறுதி செய்த பிறகுதான் கிரயம் முழுமையாகும். அடமானக் கடனுக்கான ஏல டிக்ரிக்கு இது பொருந்தாது. ஏலத்தில் போகிற விலைக்கும் நீங்களே ஆள் பார்த்து விற்கிற விலைக்கும் உள்ள தூரத்தை நினைத்தால் இந்த மனுவுக்குச் செலவாகிற காசு பெரிதே இல்லை. ஏலமே முடிந்துவிட்டது என்றாலும், ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும் ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் 60 நாளுக்குள் கட்டி ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம், அது விதி 89.

வழக்கு இன்னும் நடக்கிறது, தீர்ப்பே வரவில்லை, ஆனால் வீட்டை இப்போதே விற்றாக வேண்டும் என்றால், கோர்ட் கேட்கிற அளவுக்கு வேறு ஜாமீன் கொடுத்து இந்த வீட்டை விடுவிக்கக் கேளுங்கள். வங்கி உத்தரவாதமாகவோ, வேறு சொத்தாகவோ, கோர்ட்டில் கட்டும் பணமாகவோ இருக்கலாம்.

எல்லா ஜப்தியும் சிவில் கோர்ட்டிலிருந்து வருவதில்லை. சீட்டுப் பாக்கிக்குச் சீட்டுப் பதிவாளர், கூட்டுறவுக் கடனுக்குக் கூட்டுறவுத் துறை, வங்கிக் கடனுக்குக் கடன் மீட்புத் தீர்ப்பாயம், வரிப் பாக்கிக்கு அந்தந்தத் துறை என்று ஜப்தி போடுகிற கை பல. யார் போட்டார்களோ அவர்களிடமிருந்தேதான் நீக்க உத்தரவு வர வேண்டும், சிவில் கோர்ட் உத்தரவு அங்கே உதவாது. ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு இறங்குங்கள், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மா வாங்கிய கடனுக்கு வந்த ஜப்தி என்றால், வாரிசாக உங்களுக்குக் கிடைத்த சொத்தின் அளவுக்குத்தான் உங்கள் பொறுப்பு. ஆனால் கிடைத்த சொத்தே அந்த வீடு என்றால் இந்த வாதம் வீட்டைக் காப்பாற்றாது.

கடைசிக் கட்டம் சார்பதிவாளர் அலுவலகம். ஜப்தி நீக்க உத்தரவைக் கோர்ட்டே அங்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள், அனுப்பினார்களா என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் உத்தரவு வந்து மூன்று வாரம் அது கோர்ட் அலுவலகத்தில் ஒரு மேஜையிலேயே கிடந்தது, யார் மேலும் தப்பு சொல்ல முடியாது, அதன் மேல் இன்னும் நாற்பது காகிதம் இருந்தது. நீங்களும் சான்றிட்ட நகல் ஒன்றோடு ஒரு மனு எழுதி சார்பதிவாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். சர்வே எண், பழைய ஜப்திப் பதிவின் எண், வருடம் எல்லாம் அந்த மனுவில் இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து மறுபடி வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பழைய பதிவு அப்படியே இருக்கும், பதறாதீர்கள். அதை அழிக்கமாட்டார்கள், நீக்க உத்தரவு கீழே புதிய பதிவாக ஏறும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் வேலை முடிந்தது. புதிய பதிவில் ஓ.எஸ். எண்ணும் வருடமும் பழையதோடு ஒத்துப் போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எங்களுக்கு முதல் தடவை வருடத்தில் ஒரு இலக்கம் தப்பாக ஏறி, திருத்த இன்னொரு நடை. நீக்க உத்தரவின் சான்றிட்ட நகலை ஒன்றுக்கு மூன்றாக முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஒன்று சார்பதிவாளருக்கு, ஒன்று வாங்குகிறவருக்கு (அதை அவருடைய வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்), ஒன்று உங்களுக்கு.